கடம்பவழுதிக்கு மைக் செட்காரர் எழுதுவது

அன்புள்ள தம்பி,

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். அதைத் தாண்டிவிட்டால் மற்றதை எழுதக் கை வரும். புதுக்கோட்டையில் வாசகர் வட்டம் என்று ஒன்று மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டம் போடுகிறார்கள். ஆறேழு வருடமாக அவர்களுக்கு மைக் செட் நம்முடையதுதான். போன மாதக் கூட்டத்தில் மூன்று புது நாவல்களை அறிமுகம் செய்தார்கள். மூன்றும் அவரவர் எழுதிய முதல் நாவல். மூன்றாவது புத்தகத்தைப் பற்றிப் பேசிய காலேஜ் வாத்தியார் மைக்கைக் குச்சி ஐஸ் மாதிரி வாயோடு ஒட்டிப் பிடித்திருந்தார். ஸ்பீக்கர் பாக்ஸ் ஊளையிடப் போகிற சமயம். கொஞ்சம் தள்ளிப் பிடிங்க என்று காட்டுவதற்காகக் கடைசி வரிசையிலிருந்து கையைத் தூக்கினேன். சரியாக அதே நேரத்தில் அவர், "இந்த நாவலை ஏற்கெனவே படிச்சவங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டிருக்கிறார். நான் பாக்ஸைக் கவனித்தேனே தவிரப் பேச்சைக் கவனிக்கவில்லை. மண்டபத்தில் தூக்கியிருந்த ஒரே கை என்னுடையது.

வாசகர் வட்டத்தை நடத்துகிறவர் பர்வீன் டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், ஞாயிற்றுக்கிழமை இந்த வேலை. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "பாருங்க, நம்ம மைக் செட் அண்ணனே படிச்சிருக்காரு. வாங்கண்ணே, ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்று கார்ட்லெஸ் மைக்கைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டார். ஐம்பது பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். படிக்கலைங்க என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு. "நல்லா இருக்குங்க. தெளிவா இருக்கு. பின்னாடி வரைக்கும் கேக்குது" என்றேன். சிரிப்பு அடங்க ரொம்ப நேரம் ஆனது. காலேஜ் வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. "சாதாரண வாசகர் ஒருத்தரே தெளிவுன்னு சொல்றாரு பாருங்க" என்று அதை வைத்து இன்னும் கால் மணி நேரம் பேசினார். அந்த நாவல் 'முப்பதடிக் குழி'. எழுதியவர் பெயர் கடம்பவழுதி. பெயரைக் கேட்டால் நாலு யானையோடு வருகிற ஆள் மாதிரி இருந்தது. அது நீதான் என்று எனக்கு அப்போது தெரியாது.

இப்போது தெரியும். தெரிந்து இருபத்தாறு நாள் ஆகிறது. இந்த இருபத்தாறு நாளில் மூன்று வெள்ளிக்கிழமை நீ மஸ்கட்டிலிருந்து போன் செய்தாய், மூன்று தடவையும் நான் ஒன்றும் சொல்லவில்லை. போனில் பேசினால் நான் பகடி பண்ணிவிடுவேன், தம்பி. கனமான விஷயம் எது வந்தாலும் அதன் தலையில் ஒரு குல்லாயைப் போட்டு அனுப்பிவைப்பது என் வழக்கம். உனக்கு இது தெரியும். என்னால் பட்டவன் நீ. பேனா பிடித்தால் என் கை மெதுவாகத்தான் போகும். பத்தாவதில் நின்றவனுடைய கை. குல்லாய் தைப்பதற்குள் விஷயம் வெளியே வந்துவிடும் என்று நினைத்து எழுத உட்கார்ந்தேன்.

முதல் புத்தகம் எழுதினவர்களை நான் வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவேன். இத்தனை வருடம் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததில் படித்த படிப்பு அது ஒன்றுதான். கூட்டம் ஐந்து மணிக்கு என்றால், நான் பாக்ஸ் இறக்குகிற மூன்றரை மணிக்கே அவர்கள் வந்திருப்பார்கள். பிளெக்ஸில் தங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள், கொஞ்சம் தள்ளி நின்று மறுபடியும் பார்ப்பார்கள். நாலைந்து புத்தகம் போட்டவர்கள் பிளெக்ஸைப் பார்ப்பதில்லை, நாற்காலியைப் பார்ப்பார்கள். முதல் புத்தகக்காரர்கள் என்னிடமே வந்து, "அண்ணே, கூட்டம் வருமாண்ணே?" என்று கேட்பார்கள், ஏதோ கூட்டத்தையும் நான்தான் வயர் போட்டு இழுத்து வருகிற மாதிரி. வரும் தம்பி, டீ வர்ற நேரத்துக்கு வந்துரும் என்பேன். ஒருத்தர் தன் மாமனாரைக் கூட்டி வந்திருந்தார். மருமகனைப் பற்றி ஊரே புகழ்ந்து பேசுகிறது, மாமனார் என் பக்கம் சாய்ந்து, "இதெல்லாம் இவரே காசு குடுத்துப் பேசச் சொல்றதா?" என்றார். ஏற்புரை பேச எழுந்ததும் இவர்கள் எல்லாருக்கும் ஒரே நோய்: நன்றி சொல்ல வேண்டிய பட்டியலில் முக்கியமான ஆளை விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள், பிறகு பாதியில் எழுந்து மைக் கேட்பார்கள். அதற்காகவே கடைசி வரைக்கும் மைக்கை அணைக்காமல் வைத்திருப்பேன். அவர்கள் எழுதினது எதையும் நான் படித்ததில்லை. ஆனால் அவர்கள் மேல் எனக்கு ஒரு வாஞ்சை உண்டு. அது எதனால் என்று போன மாதம் வரைக்கும் யோசித்ததில்லை.

அன்றைக்கு வந்த மூன்று பேரில் இரண்டாவது ஆள் திருவரங்குளத்துப் பெண். தையல் கடை வைத்திருக்கிறதாம். மிஷினில் உட்கார்ந்துகொண்டே மனசுக்குள் வரி வரியாகச் சொல்லிப் பார்த்து, துணிக் கட்டுக்குள் இருக்கிற அட்டையில் குறித்து வைத்து எழுதின நாவலாம். ஏற்புரைக்குக் கூப்பிட்டார்கள். "எங்க வீட்டுக்காரரு இன்னும் படிக்கல. படிச்சதுக்கப்புறம் வந்து பேசுறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டது. மண்டபம் சிரித்தது. அந்த வீட்டுக்காரர் எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து, மனைவி எழுதின புத்தகத்தை இரண்டு கையாலும் மடியில் பிடித்திருந்தார். சிரித்தால் புத்தகம் விழுந்துவிடும் என்பது போல அசையாமல் இருந்தார். அவருக்கு என்ன குறை, பாவம், நாளைக்குப் படித்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன். என்னைப் பற்றித்தான் நினைக்கிறேன் என்று தெரியாமலே நினைத்தேன்.

மூன்றாவது, நீ. "நாவலாசிரியர் வெளிநாட்டுல வேலையில இருக்காரு, போன்ல பேசுவாரு" என்று டீச்சர் அறிவித்தார். டீச்சருடைய செல்போனை வாங்கி, வயரின் ஒரு பின்னைப் போனிலும் மறு பின்னை மிக்சர் பெட்டியிலும் நான்தான் செருகினேன். போன் என் மேஜையில் இருந்தது. திரையில் கடம்பவழுதி என்று பெயர். நான் சத்தத்தைக் கூட்டினேன். "வந்து..." என்றது குரல், மூச்சு வாங்கியது. "எல்லாருக்கும் வணக்கம்" என்றது. தம்பி, பேச ஆரம்பிக்கும் முன்னால் 'வந்து' என்று போட்டு ஒரு மூச்சு எடுக்கிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருத்தன்தான். பல் விழுந்த வயசிலிருந்து அப்படி. என் பாக்ஸ் இரண்டிலிருந்தும் என் மகன் ஐம்பது பேரிடம் பேசுகிறான். கை தானாகப் போய் டிரெபிளைக் கொஞ்சம் குறைத்தது, உன் குரலில் 'ச' சீறும் என்று தெரியும் அல்லவா.

இரண்டு மூன்று வாக்கியம் நீ அழகாகப் பேசினாய். கல் குவாரிகளைப் பற்றிச் சொன்னாய். பிறகு, "நான் எழுத வந்ததுக்குக் காரணம் எங்க அப்பா. அவரு..." என்றாய்.

மிக்சரிலிருந்து பின்னைப் பிடுங்கிவிட்டேன்.

கை தவறி இல்லை. தவறி என்று எழுதுவதற்காக இந்த இடத்தில் இரண்டு தாள் கிழித்தேன். தவறவில்லை. பிடுங்கினேன். மண்டபம் அமைதியாகிவிட்டது. டீச்சர் மேடையிலிருந்து இறங்கி வேகமாக வந்தார். "என்னண்ணே ஆச்சு?" என்றார். "டவர் இல்ல டீச்சர், போயிருச்சு" என்றேன். போனின் மேல் என் துண்டைப் போட்டிருந்தேன். துண்டுக்குக் கீழே போன் இணைப்பு அறுந்துபோகவில்லை. பின் மிக்சரில்தான் இல்லை; நீ அந்தப் பக்கம் பேசிக்கொண்டே இருந்தாய். "அடடா, நல்லாப் பேசிக்கிட்டு இருந்தாரே" என்று டீச்சர் சலித்துக்கொண்டு, நன்றியுரை சொல்பவரை மேடைக்கு அனுப்பப் போனார். நான் துண்டை ஓரமாக விலக்கிப் பார்த்தேன். வினாடி ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி செருகினால் அந்த நொடியே உன் குரல் மண்டபத்துக்குக் கேட்கும். அந்தப் பின் என் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருந்தது. நான் செருகவில்லை. நாலு நிமிடத்துக்கு மேல் நீ யாருக்கும் கேட்காமல் பேசினாய், என் அப்பா, என் அப்பா என்று. ஒருவேளை இரண்டாவது வாக்கியத்திலேயே என்னை விட்டுவிட்டு வேறு எதற்கோ போயிருக்கலாம், எனக்கு எப்படித் தெரியும். பிறகு திரை அணைந்தது. பேசி முடித்துவிட்டு வைத்திருக்கிறாய், கைதட்டு ஏன் கேட்கவில்லை என்று நினைத்திருப்பாய். டவர் கிடைக்கவில்லை என்று டீச்சர் உனக்குத் தகவல் அனுப்பியிருப்பார். டவர் இருந்தது, தம்பி. நல்ல டவர்.

எதற்குப் பயந்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் நான் சொல்ல வேண்டும். உனக்குப் பதினாறு வயசு, ஆவூர்ப் பக்கம் நம் கோயில் திருவிழாவின் கொடியேற்ற நாள். பனைமரத்திலும் கரண்டுக் கம்பத்திலுமாக நாலு தெருவுக்கும் நாலு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தேன். மைக் டெஸ்ட் பண்ணும்போது மற்றவர்கள் ஹலோ ஹலோ என்பார்கள், ஒன்று இரண்டு சொல்வார்கள். நான் கையில் கிடைத்ததை வாசிப்பேன்: ரேஷன் கார்டு, பஸ் டிக்கெட், மாத்திரை அட்டை. ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் குரலில் வாசிப்பேன். ஊருக்கு அது ஒரு வேடிக்கை, எனக்கு அது ஒரு பெருமை. அன்றைக்கு வயர்ப் பையைத் துழாவினால் உன் நோட்டு அகப்பட்டது. கீரனூரிலிருந்து திருச்சி போகிற பஸ்ஸில் ஒரு கண்டக்டர். யாரோ மறந்துவிட்டுப் போன தூக்குச்சட்டியை வைத்துக்கொண்டு, உரியவர் யார் என்று தினமும் பஸ் முழுக்க ஒவ்வொருவராகக் கேட்கிறார். இது கதை. நான் வாசித்தேன். கண்டக்டருக்கு ஒரு குரல், பயணிகளுக்கு ஒரு குரல், இடையில் என் சொந்தச் சரக்கு. நாலு தெருவும் சிரித்தது. சிரிப்பு வந்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

நீ ஓடி வந்து முன்னால் நின்றாய். நோட்டைப் பிடுங்கவில்லை. "நிறுத்துங்கப்பா" என்றாய், ஒரே ஒரு தடவை, மெதுவாக. மைக் ஆனில் இருந்தது. அதுவும் நாலு தெருவுக்கும் கேட்டது. அதற்கும் சிரித்தார்கள். நான் முடிக்கிற வரைக்கும் நின்று, நோட்டை வாங்கிக்கொண்டு போனாய். "டேய், நாலு தெரு கேட்டுச்சுடா. எந்த எழுத்தாளனுக்குடா இது கெடைக்கும்?" என்று உன் முதுகைப் பார்த்துச் சொன்னேன். அதையும் மைக்கில்தான் சொன்னேன். அந்தத் திருவிழா முடிகிற வரைக்கும் பையன்கள் உன்னை, "கண்டக்டரே, தூக்குச்சட்டி கெடைச்சிருச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். தேர் பவனி அன்றைக்கு நீ வெளியே வரவில்லை. வயிற்றுவலி என்றாய். நானும் வயிற்றுவலி என்றே எடுத்துக்கொண்டேன், அது எனக்கு வசதியாக இருந்தது. அதற்குப் பிறகு வீட்டில் உன் எழுத்து ஒரு காகிதம்கூட என் கண்ணில் பட்டதில்லை. எழுதுவதை விட்டுவிட்டாய் என்று நினைத்தேன். என்னிடம் காட்டுவதை மட்டும்தான் விட்டிருக்கிறாய்.

அன்றைக்குக் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், "கடம்பவழுதி யாருன்னு தெரியுமா ஒனக்கு?" என்றேன். தட்டு எடுத்து வைத்துக்கொண்டே, "தெரியும்" என்றாள்.

"எப்பலேருந்து?"

"பேரு வச்சதே நாந்தான்."

"நீயா? இந்தப் பேர எங்கிட்டுப் புடிச்சே?"

"நம்ம வீட்டு ஆளுன்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாதுன்னான். ரெண்டு நாளு யோசிச்சு வச்சேன். ஒங்களாலயே கண்டுபுடிக்க முடியல பாத்தீங்களா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவளே பதிலும் சொன்னாள்: "ஆட்டோல கொழாயக் கட்டிக்கிட்டுக் கீரனூர் பூரா சுத்தியிருப்பீங்க." உண்மை. சுத்தியிருப்பேன். நீ எழுத எழுத அம்மாவுக்குப் போனில் வாசித்துக் காட்டியிருக்கிறாய் என்றும், நான் வேலைக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் வாசிப்பாய் என்றும் சொன்னாள். "அவன் இன்னைக்கு போன்ல அப்பாவப் பத்தி ஏதோ பேச வந்தான். என்ன சொல்ல வந்திருப்பான்?" என்று கேட்டேன். பின்னைப் பிடுங்கினதை அவளிடம்கூடச் சொல்லவில்லை. "அவனைக் கேளுங்க. வாயி இருக்குல்ல, ஊருக்கே கேக்குற வாயி" என்றாள்.

பர்வீன் டீச்சரிடம் புத்தகம் ஒன்று வாங்கி வந்தேன். "அதான் ஏற்கெனவே படிச்சுட்டீங்களேண்ணே" என்றார். "இன்னொரு தடவ படிக்கலாம்னுதான் டீச்சர்" என்றேன். என் வாழ்நாளில் நான் படித்த முதல் நாவல் இது. கண்ணாடி போட்டு, அட்டையைப் பழைய காலண்டர் தாளில் போர்த்தி, கடையில் சால்டரிங் வேலைக்கு நடுவே ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு பக்கம். முதல் இருபது பக்கம் எனக்குக் கஷ்டமாக இருந்தது என்பதை ஒளிக்கவில்லை. யார் பேசுகிறார்கள் என்பதைக் கண்டுபிடிக்கவே விரல் வைத்துத் திரும்பத் திரும்பப் போனேன். அப்புறம் அந்தக் குவாரி எனக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டது. பார்க்க இல்லை, கேட்க. கல்லில் உளி படுகிற சத்தத்தை ஒவ்வொரு தூரத்துக்கும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருக்கிறாய். வெடி வைத்துவிட்டு எல்லாரும் விலகி நிற்கிற அந்த அமைதியில் ஒரு ஆள் இருமுகிறான் என்று எழுதியிருக்கிறாய். சத்தத்தை வைத்துப் பிழைக்கிறவன் நான், இது எனக்குத் தெரிந்த விஷயம், இதை ஒருத்தன் எழுத முடியும் என்று தெரியாது. குவாரியில் கல் உடைக்கிற அந்த அம்மா பேசுவது அப்படியே உன் அம்மா. அதில் எனக்குச் சின்னப் பொறாமை.

பொறாமை ஏன் என்றால் நான் என்னையும் தேடினேன். எவன் தேடமாட்டான், மகன் எழுதின புத்தகத்தில்? பக்கம் பக்கமாகத் தேடினேன். குவாரிக்காரர் இருக்கிறார், லாரி டிரைவர் இருக்கிறார், குவாரி நாய்க்குக்கூடப் பெயர் வைத்திருக்கிறாய். டீக்கடைக்காரருக்கு அப்பா இருக்கிறார், அந்த அப்பாவுக்குக் காது கேட்காது என்பது வரைக்கும் எழுதியிருக்கிறாய். கதாநாயகனுக்கு மட்டும் அப்பா இல்லை. செத்துப்போனார் என்றாவது ஒரு வரி எழுதியிருக்கலாம், நான் மாலை வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பேன். ஓடிப்போனார் என்று எழுதியிருக்கலாம். ஒன்றும் இல்லை. அவனிடம் யாரும் அப்பாவைக் கேட்பதும் இல்லை. இருநூறு பக்கத்தில் இவ்வளவு கல் இருக்கிறது, ஒரு அப்பன் இல்லை. முதலில் கோபம் வந்தது. ஒரு நாள் முழுக்கப் புத்தகத்தைத் தொடவில்லை. அப்புறம் தோன்றியது: திட்டி எழுதுவது சுலபம், தம்பி. கிண்டல் பண்ணி எழுதுவது அதைவிடச் சுலபம், அதில் உனக்கு வீட்டிலேயே வாத்தியார் இருந்தார். நீ இரண்டையும் செய்யவில்லை. என்னை நாலு தெருவுக்கு வாசித்துக் காட்டாமல் விட்டிருக்கிறாய். அந்தப் பெருந்தன்மையை நீ யாரிடம் கற்றாய் என்று தெரியவில்லை. என்னிடம் இல்லை.

இனி வரப்போவதைச் சொல்கிறேன். ஆனி மாதம் நீ லீவில் வரும்போது உன்னை நேரிலேயே கூப்பிட்டு ஒரு அறிமுகக் கூட்டம் வைப்பதாக டீச்சர் சொன்னார். "அன்னைக்கு டவர் கெடுத்துருச்சு. இந்தத் தடவ ஆளே வர்றாரு. மைக் செட் நீங்கதாண்ணே" என்றார். அவருக்கு எதுவும் தெரியாது. நானும் சொல்லவில்லை, அது உன் பெயர், நீ வைத்திருக்கிற மறைப்பு. ஆனால் நீ மேடையில் ஏறிக் கடைசி வரிசையைப் பார்க்கும்போது ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் என் தலை தெரிந்து, நீ பேச வந்ததை மறந்துவிடக் கூடாது. அதனால் முன்கூட்டியே எழுதுகிறேன். உனக்கு வேண்டாமென்றால் வேறு மைக் செட்காரரை அனுப்பிவிடுகிறேன், நல்ல ஆள், அளவாகச் சத்தம் வைப்பார். நான் வீட்டில் இருப்பேன். மைக் செட்காரராக வரலாம் என்றால் வருகிறேன், உன்னைத் தெரியாத மாதிரியே இருப்பேன், ஆறேழு வருடமாக எழுத்தாளர்களைத் தெரியாத மாதிரி இருந்து பழக்கம்தான். அப்பாவாக வரலாம் என்றால் அதையும் நீயே சொல். அம்மாவிடம் சொல்லி அனுப்பினாலும் போதும். எது சொன்னாலும் நான் வருத்தப்படமாட்டேன் என்று எழுதத்தான் ஆசை. வருத்தப்படுவேன், ஆனால் அது என் பாடு.

நான் வந்தாலும் வராவிட்டாலும் இதை மட்டும் கேட்டுக்கொள். மைக்கைத் தட்டிப் பார்க்காதே, அது கதவு இல்லை. தாடைக்கு ஒரு சாண் தள்ளிப் பிடி. உன் புத்தகத்தைப் படிக்காமல் வந்து பேசுகிறவர் கண்டிப்பாக ஒருத்தர் இருப்பார், அவரிடம்தான் ரொம்ப மரியாதையாக நடந்துகொள், அவருக்கு அன்றைக்கு உன்னைவிட நடுக்கம் அதிகம். எனக்குத் தெரியும், நானே அந்த ஆளாக நின்றிருக்கிறேன். புகழும்போது தரையைப் பார்க்காதே, புகழ்கிறவர் முகத்தைப் பார், அவர் வேறு யாரையோ பார்த்துப் புகழ்ந்துகொண்டிருப்பது தெரியும். அந்தத் திருவரங்குளத்துப் பெண்ணின் புத்தகத்தையும் வாங்கிப் படி. கூடவே வந்த எழுத்து, உடன்பிறப்பு மாதிரி. நன்றி சொல்லும்போது அம்மாவை விட்டுவிடாதே. கேள்வி கேட்கிறேன் என்று யாராவது எழுந்து தன் கதையைச் சொன்னால் சொல்ல விடு. அவருடைய முதல் புத்தகம் அது, அச்சாகாமல் போனது. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதையெல்லாம் நீ பதினாறு வயசில் நோட்டோடு நின்றபோது சொல்லிக் கொடுத்திருக்க வேண்டிய ஆள் நான். அப்போது நான் பயணிகளுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குப் போனில் நீ பேசின அந்த நாலு நிமிடத்தைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்கமாட்டேன். அது மண்டபத்துக்கென்று சொன்னது, அதைக் கெடுத்தவனுக்கு இன்னொரு முறை கேட்க உரிமை இல்லை. மன்னித்துவிடு என்று எழுதினால் நீ உடனே சரிப்பா என்பாய், உன் குணம் அது. அதனால் எழுதவில்லை. அந்தப் பின்னைப் பிடுங்கினது நான்தான், உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை நீ அம்மாவிடம் முக்கால் மணி நேரம் பேசிவிட்டுப் போனை என்னிடம் கொடுக்கச் சொன்னாய். சாப்பிட்டீங்களாப்பா என்றாய், சாப்பிட்டேன் என்றேன். கால்வலி எப்படி இருக்குப்பா என்றாய், இருக்கு என்றேன். வேலை வருதாப்பா என்றாய், வருது என்றேன். பிறகும் நீ போனை வைக்கவில்லை. "வந்து... வேற என்னப்பா?" என்றாய். "வேற என்ன, வெயிலுதான். அம்மாட்ட குடுக்கிறேன்" என்று கொடுத்துவிட்டேன்.

வாய் வரைக்கும் வந்து நான் சொல்லாமல் விட்டது இதுதான். உன் புத்தகத்தில் கடைசி அத்தியாயத்தை மட்டும் இன்னும் படிக்கவில்லை. பதினோரு பக்கம். கதாநாயகனுடைய அப்பா வருவதாக இருந்தால் இனி அந்தப் பதினோரு பக்கத்தில்தான் வர வேண்டும். வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம், வராமலே முடிந்துவிட்டால் என்ன செய்வது என்று அதைவிடப் பயம். காலண்டர் தாளை அந்த இடத்தில் மடக்கி வைத்திருக்கிறேன். நீ லீவில் வரும்போது, உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது, நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, அதை எனக்கு வாசித்துக் காட்டு. நடுவில் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.